ஸ்வெட்டரும் தங்கச் செருப்பும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்த பின் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத குடியிருப்போர் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடப்படுகிறது.)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு, விருந்தாளி வண்டிகளை எங்கே நிறுத்துவது என்ற முடிவில்லாத விவாதம் எல்லாம் முடிந்த பிறகு காதல் சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காபி ஆறுவதற்குள் முடிக்கும்படி செயலாளர் ஐயா சொல்லியிருக்கிறார். முடியுமா என்று தெரியவில்லை, முயற்சி செய்கிறேன்.

இந்தத் தலைப்பு என் சொந்தச் சரக்கு அல்ல. நமது குடியிருப்பின் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஒரு சீனக் காதல் படம் பார்த்துவிட்டு, "இது தேவதைக் கதை மாதிரியே இருக்கிறது, ஆனால் தேவதைக் கதை மாதிரி முடியவில்லையே, ஏன்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அந்தப் படத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் இந்தக் கேள்வியை நம் ஊர்ப் படங்களிடமே கேட்டுப் பார்க்கலாம். ஏனென்றால் ராஜா, ராணி, மந்திரவாதி கதைகளைத் தமிழ் சினிமாவுக்குச் செய்து கொடுத்த ஊர்களில் முக்கியமான ஒன்று நம் கோயமுத்தூர்.

முதலில், தேவதைக் கதை என்றால் என்ன? இறக்கை வைத்த தேவதை வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நம் அம்மிச்சிகள் சொன்ன கதைகளில் தேவதையே வராது. ஆனாலும் அவற்றின் எலும்புக்கூடு ஒன்றுதான். ஒருவர் வீட்டை விட்டு வெளியே போகிறார், அல்லது துரத்தப்படுகிறார். அவருக்கு ஒரு சோதனை வருகிறது. "இதைச் செய்யாதே, இதைச் சொல்லாதே" என்று ஒரு தடை இருக்கிறது. எதிர்பாராத இடத்திலிருந்து ஓர் உதவி வருகிறது. கடைசியில் ஓர் அடையாளம், "இவள்தான் அவள்", "இவன்தான் அவன்" என்று ஊருக்கே காட்டிக் கொடுக்கிறது. பிறகு கல்யாணம், கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது.

இதில் அந்த அடையாளம் என்ற ஒன்றை மட்டும் இன்று பிடித்துக்கொள்வோம்.

சிண்ட்ரெல்லாவின் கண்ணாடிச் செருப்பு எல்லாருக்கும் தெரியும். அதைப் பிரான்ஸ் நாட்டில் சார்லஸ் பெரோ எழுதியது 1697-இல். பிள்ளைகள் சீனப் படத்தைப் பற்றிக் கேட்டதால் இதைச் சொல்கிறேன்: அதற்கு 800 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கதை சீனாவில் எழுதப்பட்டுவிட்டது. 9-ஆம் நூற்றாண்டில், தாங் அரச மரபின் காலத்தில், துவான் செங்ஷி என்பவர் தொகுத்த நூலில் யே ஷியான் என்ற பெண்ணின் கதை வருகிறது. மாற்றாந்தாய் கொடுமை உண்டு. தேவதைக்குப் பதில் ஒரு மீன். அவள் ஊட்டி வளர்த்த அந்த மீனை மாற்றாந்தாய் கொன்று சமைத்துவிடுகிறாள். பெண் அதன் எலும்புகளை எடுத்து மறைத்து வைக்கிறாள். கேட்டதை எல்லாம் அந்த எலும்புகள் கொடுக்கின்றன. திருவிழாவுக்குப் போனவள் ஒரு தங்கச் செருப்பைத் தவறவிடுகிறாள். அது கைமாறிக் கைமாறி ஒரு ராஜாவிடம் போகிறது. அவன் அந்தச் செருப்புக்குரிய காலைத் தேடுகிறான்.

நமக்கு அடுத்த வீடான கன்னடத்திலும் ஒரு சிண்ட்ரெல்லா உண்டு. ஏ.கே. ராமானுஜன் அவளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவள் பெயர் ஹஞ்சி. செருப்பு கிடையாது, மண்ணால் செய்த முகமூடி. சத்தியமங்கலம் மலை ஏறி இறங்கினால் கன்னடம் என்பது உங்களுக்குத் தெரியும். மொழி மாறலாம், கதைகளுக்குச் சோதனைச்சாவடி கிடையாது.

சரி, தமிழில் இந்தச் செருப்பு எங்கே இருக்கிறது? என்னைக் கேட்டால் 'காதல் கோட்டை'யில் இருக்கிறது. 1996-இல் வந்த படம். இங்கே இருக்கிற பெரியவர்களில் பாதிப் பேர் அதைத் தியேட்டரில் பார்த்திருப்பீர்கள். இயக்குநர் அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம்.

ஊட்டியில் அக்கா வீட்டில் இருக்கும் பெண் கமலி. அவளுடைய சான்றிதழ்கள் தொலைந்து போகின்றன. வேலை தேடும் பெண்ணுக்குச் சான்றிதழ் என்பது உயிர் மாதிரி. அது எங்கோ ராஜஸ்தானில் வேலை பார்க்கும் சூர்யா கையில் கிடைத்து, அவன் தபாலில் திருப்பி அனுப்புகிறான். நன்றிக் கடிதம் போகிறது, பதில் வருகிறது. முகம் பார்க்காமலே காதல் வளர்கிறது. செல்போன் இல்லை, வாட்ஸ்அப் முகப்புப் படம் இல்லை. எஸ்.டி.டி. பூத், தபால்காரர், அவ்வளவுதான். அவள் ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறாள். பின்னர் அவன் சென்னைக்கு வந்து ஆட்டோ ஓட்டுகிறான். அவளும் அதே சென்னையில். அவன் ஆட்டோவிலேயே அவள் ஏறுகிறாள், இருவருக்கும் தெரியாது. பார்க்கிற நமக்குத்தான் பதைக்கிறது. கடைசியில் ரயில் நிலையத்தில், ரயில் நகரும் நேரத்தில், அவன் உடம்பில் இருக்கும் அந்த ஸ்வெட்டரை அவள் பார்க்கிறாள். அதுதான் செருப்பு. காலுக்குப் பொருந்தியது.

யோசித்துப் பாருங்கள், தேவதைக் கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் உண்டு. தொலைந்த பொருள் வழியாக வருகிற பந்தம். ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்ற தடை, இங்கே யாரும் சபிக்கவில்லை, தூரமே அந்தத் தடையைப் போட்டுவிட்டது. நாயகனை விரும்பும் பணக்கார முதலாளிப் பெண், அதாவது பழைய கதைகளில் நடுவழியில் நாயகனை மயக்கப் பார்க்கும் வேறு தேசத்து ராணி. ஆனால் திரையில் ஒரு மந்திரவாதிகூட இல்லை. ஆட்டோவும் ரயிலும் தபால் பையும்தான். அதனால்தான் அதை நாம் 'யதார்த்தமான படம்' என்று நினைத்துக்கொண்டு பார்த்தோம்.

எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தது ஸ்வெட்டர் என்ற தேர்வு. ஊட்டிப் பெண் பின்னினால் ஸ்வெட்டர்தான் பின்னுவாள். ஆனால் சென்னை வெயிலில் ஸ்வெட்டர் போடுகிறவன் யார்? பைத்தியக்காரன், இல்லாவிட்டால் காதலன். எனவே அந்த ஊரில் அது ஒருவனுக்கு மட்டுமே பொருந்தக்கூடிய உடை. கண்ணாடிச் செருப்பைவிட இது கெட்டிக்காரத்தனம் என்பேன். கண்ணாடிச் செருப்பு ஒரே அளவுக் கால் உள்ள எத்தனையோ பேருக்குப் பொருந்தியிருக்குமே, அதை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஸ்வெட்டர் அவனுடைய ஊரையோ, அப்பா பெயரையோ, சொத்தையோ கேட்கவில்லை. நீ என்னை எப்படி நேசித்தாய் என்பதை மட்டும் கேட்டது. தேவதைக் கதையின் அடையாளத்துக்கு உள்ள பெரிய குணம் அதுதான். சபையில் உள்ளவர்கள் எத்தனை பேர் எதிர்த்தாலும், காலுக்குச் செருப்பு பொருந்திவிட்டால் பேச்சு முடிந்தது.

இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம், நம் ஊருக்கு.

வெரைட்டி ஹால் ரோட்டில் போகாதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். அந்தப் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய வெரைட்டி ஹால் என்ற சினிமா அரங்கிலிருந்து வந்தது. பிற்காலத்தில் டிலைட் தியேட்டர். அதற்கு முன் அவர் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டியவர். கூடாரத்தில் தொடங்கிய இந்த ஊர் சினிமா, 1930-களின் இரண்டாம் பாதியில் சென்ட்ரல் ஸ்டுடியோவுக்கு வந்தது. பின்னர் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ. பக்கத்தில் சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். பஞ்சாலைச் சங்கு ஊதிய அதே ஊரில், ஒரு பக்கம் நூல் நூற்றார்கள், ஒரு பக்கம் கதை நூற்றார்கள்.

அந்த சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த படம் 'ராஜகுமாரி'. ஆண்டு 1947. இயக்கம் ஏ.எஸ்.ஏ. சாமி. அதுவரை சின்னச் சின்ன வேடங்களில் வந்துகொண்டிருந்த எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்தது இதில்தான், முப்பது வயதில். வசனத்தில் பங்கு பெற்ற இளைஞர் மு. கருணாநிதி. அவர் அந்த நாட்களில் சிங்காநல்லூரில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். பின்னாளில் மருதமலைக் கோயிலுக்கு நிறையச் செய்த நம் சின்னப்பா தேவரும் அதில் நடித்திருக்கிறார். நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற தெருக்களில் இரண்டு வருங்கால முதலமைச்சர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். இதையே ஒரு தேவதைக் கதையாகச் சொல்லலாம், ஆனால் அது இன்றைய தலைப்பு அல்ல.

'ராஜகுமாரி'யின் கதை என்ன? ஒரு ராஜகுமாரி, ஒரு கிராமத்து இளைஞனை நேசிக்கிறாள். அவ்வளவுதான் மையம். சுற்றிலும் மந்திரம், பறத்தல், பாம்பு, நாயகனை மயக்கப் பார்க்கும் ராணி. அந்த ராணியாக நடித்த தவமணி தேவியின் உடை அன்று பெரிய பேச்சாக இருந்தது. மந்திரத்தை எல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால், 1947-இல் நம் ஊரில் ஒரு கூட்டம் உட்கார்ந்து, "ராஜா மகளைக் குடியானவன் மகன் கட்டலாம்" என்ற கதையை எடுத்திருக்கிறது. சுதந்திரம் வந்த வருஷம். ஜனங்கள் கை தட்டினார்கள்.

ஆனால் அதே ஸ்டுடியோக்கள் அடுத்த சில வருஷங்களில் செய்ததையும் பார்க்க வேண்டும். 1951-இல் ஜூபிடரின் 'மர்மயோகி'. தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம், காரணம் ஆபாசம் இல்லீங்க, பேய். அதில் எம்.ஜி.ஆர். கரிகாலன், ஏழைகளுக்காகப் போராடும் வீரன். கடைசியில் தெரியவருகிறது, அவன் ராஜாவின் மகனேதான். 1954-இல் பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞரின் நாவல். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம். ஸ்ரீராமுலு நாயுடு அதை இந்தி, சிங்களம் உட்பட வேறு மொழிகளிலும் எடுத்தார். இந்தியில் திலீப்குமார் நடித்த 'ஆசாத்' அதுதான். பணக்கார வீட்டுப் பெண் பூங்கோதையை ஒரு மலைக்கள்ளன் காப்பாற்றுகிறான். அவள் அவனை நேசிக்கிறாள். ஐயோ, கள்ளனை எப்படிக் கட்டுவது? கவலை வேண்டாம். அவன் கள்ளனும் இல்லை, வேற்று ஆளும் இல்லை. காணாமல் போன முறைமாமன்தான் என்று கடைசியில் தெரிகிறது.

எவ்வளவு நிம்மதி பாருங்கள்! காதல் செய்த புண்ணியமும் கிடைத்தது, முறை தவறாத புண்ணியமும் கிடைத்தது.

இந்த இடத்தில்தான் என் மனத்தாங்கல். தேவதைக் கதையின் அடையாளம் ஒன்றாக இருக்க வேண்டும். செருப்போ, ஸ்வெட்டரோ. நம் சினிமா அதோடு நிற்பதில்லை. இரண்டாவதாக இன்னோர் அடையாளத்தைக் கேட்கிறது, பிறப்புச் சான்றிதழ். அவன் நல்லவன் என்று நிரூபித்தாயிற்று, வீரன் என்று நிரூபித்தாயிற்று, அவள் மனம் அவனிடம் என்றும் தெரிந்தாயிற்று. அப்புறமும், "சரி, யார் வீட்டுப் பையன்?" என்று கேட்டு, அதற்கும் திருப்தியான பதில் வந்த பிறகுதான் மேளம் கொட்டுகிறது.

நியாயமாகச் சொன்னால் பழைய கதைகளும் முழு யோக்கியம் இல்லை. சிண்ட்ரெல்லா வேலைக்காரி அல்ல, நல்ல வசதியான வீட்டுப் பெண், மாற்றாந்தாயால் அடுப்படிக்குத் தள்ளப்பட்டவள். யே ஷியான் ஒரு தலைவனின் மகள். அதாவது அவர்கள் மேலே ஏறவில்லை, இழந்த இடத்துக்குத் திரும்பினார்கள். உலகம் முழுக்க அம்மிச்சிகள் இந்தச் சின்னக் கள்ளத்தைச் செய்திருக்கிறார்கள். கேட்கிற குழந்தைக்கு அது உறைப்பதில்லை. குழந்தை செருப்பை மட்டும்தான் பார்க்கிறது.

இப்போது 2016-க்கு வருகிறேன். இயக்குநர் சசியின் 'பிச்சைக்காரன்'. இவரைப் பற்றி ஒரு வார்த்தை. இவருடைய முதல் படம் 1998-இல் வந்த 'சொல்லாமலே'. ஊமை என்று பொய் சொல்லிக் காதலித்தவன், கடைசியில் தன் நாக்கையே அறுத்துக்கொள்ளும் கதை. ஆண்டர்சனின் கடல்கன்னி, காதலுக்காகத் தன் நாக்கைக் கொடுத்ததை இங்குள்ள குழந்தைகள் சொல்வார்கள். எங்கிருந்து எங்கு வருகிறது பாருங்கள்!

'பிச்சைக்காரன்' படத்தில் நாயகன் பெரிய துணி மில் முதலாளி. நம் பக்கத்து ஆள் மாதிரியே இருப்பான், பரிச்சயமான முகம். அம்மா நினைவிழந்து படுக்கையில். ஒரு சாமியார் சொல்கிறார்: ஒரு மண்டலம், 48 நாள், பிச்சைக்காரனாக வாழ வேண்டும், நீ யார் என்று எவரிடமும் சொல்லக் கூடாது. நான் ஆரம்பத்தில் சொன்ன எல்லாமே இதில் இருக்கிறது. வீட்டை விட்டு வெளியேற்றம், சோதனை, தடை. மாறுவேட ராஜா ஊருக்குள் வந்துவிட்டார். ஒரு பெண் அவனை நேசிக்கிறாள், பிறகு அவன் பிச்சைக்காரன் என்று தெரிகிறது, அவள் துடிக்கிறாள். ஆனாலும் அவளால் அவனை விட முடியவில்லை.

நல்ல படம். அழ வைத்த படம். பிச்சை எடுப்பவர்களை மனிதர்களாகக் காட்டிய படம். ஆனால் நாம் நிம்மதியாக உட்கார்ந்து பார்த்ததற்குக் காரணம், அவன் மில் முதலாளி என்பது நமக்கு முதலிலிருந்தே தெரியும். அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது. அவள் எடுத்த ரிஸ்க் உண்மையானது, நாம் எடுத்தது இல்லை. அவன் உண்மையிலேயே பிச்சைக்காரனாக இருந்திருந்தால், நாம் அவர்கள் கல்யாணத்தில் கை தட்டியிருப்போமா?

அந்தப் படம் வெளியானது 2016 மார்ச் 4. தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த அதே மாதம் 13-ஆம் தேதி, இங்கிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள உடுமலைப்பேட்டையில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில் ஒரு இளைஞன் வெட்டிக் கொல்லப்பட்டான். உடன் இருந்த அவன் மனைவிக்கும் வெட்டு. இருவரும் பொள்ளாச்சியில் ஒன்றாகப் பொறியியல் படித்தவர்கள். அவன் தாழ்த்தப்பட்ட சாதி, அவள் வேறு சாதி. கல்யாணம் ஆகி எட்டு மாதம். அந்தக் காட்சியை நாம் எல்லாரும் சிசிடிவி பதிவாக டிவியில் பார்த்தோம், சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவர்களும் உண்டு.

சினிமா பேசச் சொன்னால் இதை ஏன் பேசுகிறார் என்று சிலர் நினைப்பது முகத்தில் தெரிகிறது. நான் இதைத் தவிர்த்துவிட்டுச் செருப்பு, ஸ்வெட்டர் என்று அழகாகப் பேசிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ராஜகுமாரியைக் குடியானவன் கட்டும் படத்துக்கு 1947-இல் கை தட்டிய ஊரிலிருந்து உடுமலைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்காமல் இந்தத் தலைப்பைப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டுவிட்டார்கள். கதையின் கணக்குப்படி செருப்பு பொருந்திவிட்டது. இரண்டாவது சான்றிதழைத்தான் கேட்டார்கள்.

நம் குடியிருப்பில் அப்படி யாரும் இல்லை, நாமெல்லாம் படித்தவர்கள் என்று சொல்லலாம். உண்மைதான், நாம் யாரும் அரிவாள் எடுக்க மாட்டோம். ஆனால் வரன் பார்க்கும் வாட்ஸ்அப் குழுக்களில் நாம் அனுப்பும் விவரக் குறிப்பை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். என்ன சாதி, என்ன கூட்டம், எந்தக் குலதெய்வம், எத்தனை ஏக்கர், எத்தனை பவுன், வெளிநாட்டில் என்றால் எந்த விசா. இது ஒரு சாதிக்கான குறை இல்லை, எல்லார் வீட்டுக் குறிப்பும் இப்படித்தான். பையனுக்கு என்ன பிடிக்கும், பெண் எதற்குச் சிரிப்பாள் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. ஸ்வெட்டருக்கு அதில் இடமில்லை.

பெற்றோர் பக்கமும் பேச வேண்டும். தேவதைக் கதையில் ராஜாவுக்கு ஒரு வேலை உண்டு: பாதி ராஜ்ஜியத்தையும் பெண்ணையும் கொடுப்பது. அந்த சம்மதம் இல்லாமல் நம் மக்களுக்குக் கதை ருசிப்பதில்லை. 1997-இல் ஃபாசில் இயக்கிய 'காதலுக்கு மரியாதை' அவ்வளவு பெரிய வெற்றி பெற்றது அதனால்தான். இந்துப் பையன், கிறிஸ்தவப் பெண். வீட்டை விட்டு ஓடியவர்கள், பெற்றவர்கள் மனம் நோகும் என்று தாங்களே திரும்பி வந்து பிரிந்துவிடுகிறார்கள். அப்போது இரண்டு அம்மாக்களும் முந்திக்கொண்டு, "எங்க வீட்டுக்குக் கொடுங்க", "எடுத்துக்கோங்க" என்ற நிலைக்கு வருகிறார்கள். தியேட்டரில் அந்தக் காட்சியில் அழாத அம்மாக்கள் இல்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே தேவதையின் மந்திரக்கோல் ஸ்ரீவித்யா கையில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. பிள்ளைகள் முதலில் தங்கள் காதலைத் தியாகம் செய்துவிட்டு வந்தால்தான் பெரியவர்கள் மனம் இளகுமா? முதல் நாளே இளகக் கூடாதா? இளகினால் படம் மூன்று ரீலில் முடிந்துவிடும், அது வேறு விஷயம்.

பெண்களைப் பற்றிப் பேசவே இல்லையே என்று இரண்டாவது வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. நியாயம். இந்தக் கதைகளில் பெண் பெரும்பாலும் பரிசுப் பொருள். ஆனால் சேலத்தில் 1950-இல் எடுத்த 'மந்திரி குமாரி'யை மறக்க முடியாது. நமக்கு முழுதாகக் கிடைக்காமல் போன குண்டலகேசிக் காப்பியத்தின் கதைதான் அதற்கு மூலம். காதலித்துக் கைப்பிடித்தவன் அவளை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான், தள்ளிக் கொல்வதற்காக. அவளுக்கு அது புரிகிறது. சாவதற்கு முன் உங்களை வலம் வந்து வணங்கிக்கொள்கிறேன் என்கிறாள். சுற்றி வருகிறாள். பின்னால் வந்ததும் அவனைத் தள்ளிவிடுகிறாள். ஐரோப்பாவில் நீலத்தாடிக்காரன் கதையில் மனைவியைக் காப்பாற்ற அண்ணன்மார் குதிரையில் வர வேண்டியிருந்தது. நம் பெண்ணுக்கு யாரும் வரவில்லை, அவளே பார்த்துக்கொண்டாள். காதலித்தவன் தவறானவன் என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் கதை மரபில் இப்படியும் ஒரு பதில் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர்கள் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லி வளர்க்கலாம். தள்ளிவிடச் சொல்லவில்லை, வலம் வரும்போது யோசிக்கச் சொல்கிறேன்.

காபி ஆறிவிட்டது, தெரிகிறது. அந்தச் சீனப் படத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஆங்கிலத்தில் 'அஸ் அண்ட் தெம்' என்று பெயர், 2018-இல் வந்தது. இயக்கியவர் தைவானைச் சேர்ந்த பாடகியும் நடிகையுமான ரெனே லியு, அவருக்கு அது முதல் படம். புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் ரயிலில் ஒரு பையனும் பெண்ணும் சந்திக்கிறார்கள். நமக்குப் பொங்கலுக்கு முந்தின நாள் காந்திபுரம் பஸ் நிலையம் எப்படியோ, அப்படிக் கூட்டம். இருவரும் பெய்ஜிங்கில் பிழைக்க வந்தவர்கள். ஒரு பொந்து மாதிரி வாடகை அறையில் ஒன்றாக வாழ்கிறார்கள். பணம் இல்லை. அவன் கம்ப்யூட்டர் கேம் செய்ய ஆசைப்படுகிறவன். அந்த கேமில் இயான் என்ற பையன் கெல்லி என்ற பெண்ணைத் தேடிப் போக வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் உலகத்தில் நிறமே இல்லாமல் போய்விடும். இதுதான் படத்துக்குள் இருக்கும் தேவதைக் கதை.

அவர்கள் பிரிந்துவிடுகிறார்கள். யாரும் வெட்டவில்லை, யாரும் தடுக்கவில்லை. வாடகை, வேலை, தோல்வி, வீம்பு, இவைதான் பிரிக்கின்றன. பத்து வருஷம் கழித்து ஒரு விமானத்தில் சந்திக்கிறார்கள். அவனுக்கு வேறு குடும்பம் இருக்கிறது. படத்தில் பழைய நாட்கள் எல்லாம் வண்ணத்தில், இன்றைய நாள் கறுப்பு வெள்ளையில். நாம் பழக்கப்பட்டதற்கு நேர் எதிர். ஏன் என்று பார்க்கிறவர்களுக்குப் பாதியில் புரியும்போது தொண்டை அடைக்கும். இந்தத் தேவதைக் கதையில் செருப்பு பொருந்தியது, ஆனால் நேரத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு என் பதில் அதுதான்: மந்திரம் குறையவில்லை, மாதச் சம்பளம் குறைந்துவிட்டது.

ஆனால் அந்தப் படத்தில் என்னைக் கலங்க வைத்தது காதலர்கள் அல்ல, பையனின் அப்பா. சின்ன ஊரில் சின்ன ஓட்டல் நடத்துபவர். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மகனோடு அந்தப் பெண்ணும் சாப்பிட வருவாள் என்று காத்திருக்கிறவர். இருவரும் பிரிந்த பிறகு, பார்வை மங்கிப்போன அந்தப் பெரியவர் அவளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். நீங்கள் இருவரும் சேராமல் போனாலும் நீ எங்கள் வீட்டுப் பிள்ளைதான், வேளாவேளைக்குச் சாப்பிடு, சோர்வாக இருந்தால் வீட்டுக்கு வா என்கிற கருத்தில். அவள் யார் மகள், அவளிடம் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. மேசையில் அவளுக்கு ஒரு தட்டு வைத்தார்.

நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட படம். ஆங்கில எழுத்துகளோடு பார்க்க வேண்டும், அதனால் மூத்தவர்கள் யாராவது பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 'காதல் கோட்டை'யை இந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை என்கிறார்கள். புரொஜெக்டர் சரியாக இருந்தால், அடுத்த மாதம் கிளப் ஹவுஸில் அதையே போடலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். எஸ்.டி.டி. பூத் என்றால் என்ன என்று விளக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.